அம்மாவுக்கு அப்புறம் அக்கா எங்க இருப்பா? ஹோம் தவிர வேற வழி இருக்கா?

பெரம்பூர்_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். இங்க படிச்சிட்டு மட்டும் போற ஆளு நான், முதல் தடவை எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

அக்காவுக்கு 47 வயசு. காலேஜ்ல படிக்கும்போதே ஸ்கிசோஃப்ரினியாங்குற மனநோய் ஆரம்பிச்சிடுச்சு. இப்ப க்ளோசபின் மாத்திரைல நல்லா ஸ்டெடியா இருக்கா, ஆஸ்பத்திரியில சேர்த்து பல வருஷம் ஆச்சு. தானா குளிப்பா, துணி துவைப்பா, ரசம் அம்மாவை விட நல்லா வைப்பா, காலைல பேப்பரை வரி விளம்பரம் வரைக்கும் விடாம படிப்பா. ஆனா மாத்திரைய யாராவது எடுத்து கையில குடுக்கணும், கடையில ரெண்டு பேர் சேர்ந்து சிரிச்சா தன்னைப் பத்திதான்னு நினைச்சு பாதியில திரும்பி வந்துடுவா, மாசா மாசம் ப்ளட் டெஸ்ட்டுக்கு கூட ஆள் போகணும். இதெல்லாம் அம்மாதான். அம்மாவுக்கு 76, போன வருஷம் பாத்ரூம்ல வழுக்கி இடுப்பு எலும்பு உடைஞ்சதுல இருந்து வாக்கர்லதான் நடக்குறாங்க. அப்பா ரயில்வேல இருந்து ரிட்டையர் ஆனவர், இப்ப இல்ல, அவர் பென்ஷன்லதான் வீடு ஓடுது.

நான் ஹோசூர்ல வாடகை வீட்ல, ரெண்டு பசங்க. "கூடப் பொறந்தவளை கூட்டிட்டு வந்து வச்சுக்க முடியாதா"ன்னு கேக்கப் போறவங்களுக்கு முன்னாடியே சொல்லிடுறேன், கூட்டிட்டு வந்தோம், அவளுக்கே பிடிக்கல, ஊரு மொழி எதுவும் புரியலன்னு சொல்லிட்டு திரும்பிப் போயிட்டா.

சரி ஹோம் பாக்கலாம்னு சில இடம் போய் பாத்தேன். ஒரு இடத்துல கேட்டுக்கு உள்பக்கமும் பூட்டு வெளிபக்கமும் பூட்டு, ஹால்ல வரிசையா கட்டில், எல்லா பொம்பளைங்களுக்கும் ஒரே மாதிரி நைட்டி, தலைமுடிய ஒட்ட வெட்டி விட்டிருக்காங்க. ஏன்னு கேட்டா "பேன் வருது சார்"ங்குறாங்க. "வெளியவே விட மாட்டோம், நீங்க நிம்மதியா இருக்கலாம்"னு மேனேஜர் அதை ஒரு வசதியா சொல்றாரு. லைஃப் லாங்க்னா ஒரே பேமென்ட்டாம், நடுவுல கூட்டிட்டு போனா திரும்ப வராதாம். என் கேள்வி இதுதான், அக்கா மாதிரி ஒருத்தருக்கு ஆஸ்பத்திரியும் வேணாம் பூட்டு போட்ட ஹோமும் வேணாம், சாதாரண வீடு, பக்கத்துல உதவிக்கு ஒரு ஆள், அப்படி ஏதாவது நம்ம ஊர்ல இருக்கா? இருந்தா எதைப் பாத்து நம்புறது?

ராமநாதபுரத்துக்காரன்:
தம்பி, அந்த ஒரே பேமென்ட் இடத்துக்கு போகவே போகாதீங்க. எங்க மாவட்டத்துல ஏர்வாடியில 2001 ஆகஸ்ட் 6 விடிகாலைல மனநோய் இருக்குறவங்களை வச்சிருந்த கொட்டகை தீப்பிடிச்சப்ப சங்கிலியில கட்டிப் போட்டிருந்த ஆளுங்க ஓட முடியாம கருகினாங்க, 28 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம்தான் கவர்ன்மென்ட்டுக்கு லைசென்ஸ்னு ஒண்ணு இருக்குறதே ஞாபகம் வந்துச்சு. உறவுக்காரங்க கொண்டு வந்து விட்டுட்டு பணத்தை கட்டிட்டு போயிடுவாங்க, உள்ள என்ன நடக்குதுன்னு எட்டிப் பாக்க ஆள் கிடையாது.

இப்ப சட்டம் நல்லாதான் இருக்கு. 2017 மனநல சட்டத்துல சங்கிலி போடக்கூடாது, கட்டாயமா மொட்டை அடிக்கக்கூடாது, அவங்க சொந்தத் துணிய உடுத்த விடணும், போன் பேச விடணும்னு எல்லாமே எழுதியிருக்கு. 19ஆவது பிரிவை படிங்க, குடும்பம் இல்ல, குடும்பம் ஏத்துக்கல, வெளிய தங்க இடமில்லங்குற காரணத்துக்காக மட்டும் ஒருத்தரை உள்ள வச்சிருக்கக் கூடாதுன்னு இருக்கு, அதுக்கு பதிலா குரூப் ஹோம் (சில பேர் சேர்ந்து வாழுற வீடு), ஹாஃப்வே ஹோம் (ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவுல தங்குற இடம்) மாதிரி இடங்களை அரசாங்கம்தான் ஏற்பாடு பண்ணணும். பண்ணாங்களாங்குறது வேற கதை. நீங்க போற இடத்துல மாநில மனநல ஆணையத்தோட பதிவு சர்டிபிகேட்டை காட்டச் சொல்லுங்க, நாளைக்கு தரேன்னு சொன்னா அப்படியே செருப்பை மாட்டிட்டு கிளம்பிடுங்க.

திருச்சி_வீடு:
நான் நீங்க கேக்குற மாதிரி வீட்லதான் வேலை பாக்குறேன், அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன்.

சென்னையில தி பேன்யன்னு 1993ல வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் ஆரம்பிச்சாங்க, ரோட்ல திரியுற மனநோய் இருக்குற பொம்பளைங்களுக்காக. நிறைய பேர் குணமாகி வீட்டுக்கு போனாங்க, ஆனா போக வீடே இல்லாதவங்க வருஷக்கணக்கா உள்ளயே தங்கிட்டாங்க. அவங்களுக்காக 2015ல ஹோம் அகெய்ன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. சாதாரண தெருவுல சாதாரண வாடகை வீடு, நாலஞ்சு பேர் சேர்ந்து இருப்பாங்க, கூட ஒரு உதவியாளர். நர்ஸ் கிடையாது, யூனிபார்ம் கிடையாது, அந்த ஊர்லயே இருக்குற பொம்பளைங்களுக்கு ட்ரெயினிங் குடுத்து வைப்பாங்க. இப்ப இதே மாதிரி வேற சிலரும் நடத்துறாங்க, நான் இருக்குறது அப்படி ஒரு வீடு.

எங்க வீட்டுக்கு ஒரு அம்மா பெரிய ஆஸ்பத்திரியில இருந்து வந்தாங்க. அங்க பல வருஷம் இருந்தவங்க. வந்த புதுசுல காலைல ஏழு மணி ஆனா தட்டை கையில எடுத்துட்டு வந்து கிச்சன் வாசல்ல நிப்பாங்க. முன்னாடி யாரும் இல்ல, பின்னாடி யாரும் இல்ல, இவங்க மட்டும் வரிசையில நிப்பாங்க. உக்காருங்கம்மான்னா பயந்துடுவாங்க. மதியம் என்ன சமைக்கலாம்னு கேட்டா பதிலே வராது, பிடிவாதம்லாம் இல்ல, அந்தக் கேள்விய அவங்ககிட்ட யாரும் கேட்டதே இல்ல. இப்ப அதே ஆளு, நான் வாங்கிட்டு வந்த கத்திரிக்காய்ல பூச்சி இருக்குன்னு என்னைய திட்டி கடைக்கே திருப்பி அனுப்புறாங்க.

வேலைன்னு பாத்தா பெருசா ஒண்ணும் இல்ல, மாத்திரை டப்பா பாக்குறது, பேங்க்குக்கு கூட போறது, ரெண்டு பேருக்கு நடுவுல சண்டை வந்தா கேக்குறது, ராத்திரி ஒருத்தருக்கு தூக்கம் கெட ஆரம்பிச்சா அதை முதல்லயே கவனிச்சு டாக்டர்கிட்ட சொல்றது. இந்த கடைசி விஷயம்தான் முக்கியம், திரும்ப வியாதி ஏறுதுங்குறது பெரும்பாலும் தூக்கத்துல, சாப்பாட்டுல, குளிக்காம இருக்குறதுல முதல்ல தெரியும், கூட வாழுற ஆளுக்குத்தான் அது கண்ணுல படும்.

நீங்க வீடு பாக்கப் போனா லைசென்ஸோட இதையும் பாருங்க. அங்க தங்கியிருக்குறவங்ககிட்ட வாசல் சாவி இருக்கா. ஆதார், ஏடிஎம் கார்டு யார் பீரோவுல இருக்கு. சொல்லாம கொள்ளாம ஒரு நாள் மத்தியானம் போங்க, விட்டா உள்ள போய் அடுப்படிய பாருங்க, யாரு சமைக்குறாங்கன்னு தெரிஞ்சாலே பாதி தெரிஞ்சிடும்.

தாம்பரம்_ஹவுஸ்ஓனர்:
நான் இந்த மாதிரி ஒரு குழுவுக்கு கீழ் போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கேன். விட்டப்ப தெருவே வந்து நின்னுச்சு, குழந்தைங்க இருக்குற இடம், பைத்தியத்தை கொண்டு வந்து வைக்குறீங்களேன்னு அசோசியேஷன்ல லெட்டர் வேற. எனக்கும் உள்ளூர பயம்தான், பொய் சொல்லல, வீடு ரொம்ப நாளா காலியா கிடந்துச்சு அதனால விட்டேன். ஒண்ணாந்தேதி வாடகை வந்துடுது. ராத்திரி ஒரு தடவை ஒருத்தங்க சத்தமா அழுதாங்க, அந்த உதவியாளர் பொண்ணு மறுநாள் காலைல வந்து தானா விவரம் சொல்லிட்டு போச்சு. மத்தபடி எங்க தெருவுல தூக்கத்தை கெடுக்குறது மூணாம் நம்பர் வீட்டு பையனோட புல்லட் மட்டும்தான், அதுக்கு இதுவரைக்கும் யாரும் லெட்டர் எழுதல.

கணக்குப்பிள்ளை:
மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா ஒரு உண்மைய யாரும் சொல்லல. இந்த மாதிரி நல்ல வீடுங்க பெரும்பாலும் ஆதரவில்லாதவங்களுக்குத்தான் முதல்ல. ரொம்ப வசதி இருந்தா பணம் கட்டி நல்ல இடத்துல சேர்க்கலாம். நடுவுல பென்ஷன்ல ஓடுற குடும்பம்தான் மாட்டிக்கும். மத்திய அரசோட நேஷனல் டிரஸ்ட்டுல கரௌண்டான்னு பெரியவங்களுக்கு குரூப் ஹோம் ஸ்கீம் இருக்கேன்னு யாராவது சொல்வாங்க, அது ஆட்டிசம், செரிப்ரல் பால்சி, அறிவுசார் குறைபாடு, பல குறைபாடு சேர்ந்தவங்களுக்கு மட்டும். அந்த டிரஸ்ட்டோட 1999 சட்டத்துல மனநோய் சேரல, அலைஞ்சு ஏமாறாதீங்க.

உங்க கேஸ்ல நல்ல விஷயம் ரயில்வே பென்ஷன். சம்பாதிக்க முடியாத அளவுக்கு மனநோய் இருக்குற பிள்ளைக்கு அம்மாவுக்கு அப்புறம் ஃபேமிலி பென்ஷன் ஆயுசு முழுக்க வரும், 25 வயசு லிமிட் அவங்களுக்கு கிடையாது. ஆனா அம்மா இருக்கும்போதே அக்கா பேரை பிபிஓவுல, அதாவது பென்ஷன் ஆர்டர்ல, ஏத்துங்க, அம்மாவுக்கு அப்புறம் போய் நின்னா டேபிள் டேபிளா அலைய விடுவாங்க. அதுக்கு முன்னாடி மாற்றுத்திறனாளி சர்டிபிகேட், யூடிஐடிங்குற மாற்றுத்திறனாளி அடையாள கார்டு ரெண்டும் வாங்கிடுங்க. கவர்ன்மென்ட் சைக்கியாட்ரிஸ்ட் பாதிப்பு எவ்வளவுன்னு ஐடியாஸ்னு ஒரு ஸ்கேல் வச்சு பாப்பாங்க, 40 சதவீதமாவது வரணும். "அவ நல்லாதான் இருக்கா டாக்டர்"னு பெருமையா சொல்லாம கஷ்டத்தை கஷ்டமா சொல்லுங்க, நம்ம வீடுகள்ல இந்த மறைக்குற பழக்கத்தாலயே பர்சன்டேஜ் குறைஞ்சிடுது. ரயில்வே தனியா மெடிக்கல் போர்டு கேட்டாலும் கேக்கும். வீடு அம்மா பேர்ல இருந்தா உயில் எழுதி ரிஜிஸ்டர் பண்ணிடுங்க, மொத்தமா அக்கா பேருக்கா இல்ல ஒரு குடும்ப டிரஸ்ட்டாங்குறதை வக்கீலை வச்சு முடிவு பண்ணுங்க.

இன்னொண்ணு, பெரம்பூர்ல சொந்த வீடுன்னா ஏன் அக்கா வெளிய போகணும்? அதே நிலைமையில இருக்குற இன்னும் ரெண்டு மூணு குடும்பத்தை உங்க டாக்டர் மூலமா பிடிச்சு, அந்த வீட்டையே சேர்ந்து நடத்தி, உதவியாளர் சம்பளத்தை பங்கு போடலாம்ல.

ஸ்காபரோ_அண்ணா:
நான் டொரோண்டோவில இருக்கிறன், என்ர தம்பிக்கும் இதே வருத்தம்தான். இஞ்ச சப்போர்ட்டிவ் ஹவுசிங் எண்டு இருக்குது, வாடகை வருமானத்தைப் பாத்துத்தான், ஆனா விண்ணப்பிச்சுப் போட்டு வருசக்கணக்கா லிஸ்டில நிக்கோணும், அதால கனடா எண்டா சொர்க்கம் எண்டு நினையாதேங்கோ. 2009ல இருந்து 2013 வரைக்கும் இஞ்ச ஒரு ஆய்வா, அஞ்சு நகரங்களில, ரெண்டாயிரத்துக்கும் மேல ஆக்களை வச்சு, முதல்ல வீட்டைக் குடுத்துப்போட்டு பிறகு மருத்துவ உதவியைக் குடுத்துப் பாத்தவை. வீடில்லாமத் திரிஞ்ச ஆக்கள், அதுக்குள்ள கனபேர் அந்த வீட்டிலயே நிலைச்சு நிண்டவை. எனக்கு அதில பிடிச்சது, வீடு வேற உதவி வேற எண்டு பிரிச்சு வச்சது. தம்பி இடையில ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாலும் அறை அவன்ர பேரிலதான் கிடக்கும். நீங்கள் ஆரோடையும் ஒப்பந்தம் எழுதினா, அக்கா கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில இருந்தா அந்த இடம் அவவுக்கே திரும்பக் கிடைக்குமோ எண்டு கட்டாயம் கேளுங்கோ.

மாத்திரை_சாப்பிடுறவ:
தம்பி, எல்லாரும் உங்ககிட்டதான் பேசுறாங்க. எனக்கும் அதே வியாதி, நானும் இப்ப மூணு பேரோட ஒரு வீட்லதான் இருக்கேன். அக்காகிட்ட கேட்டீங்களா? நீங்க போய் பாத்த இடத்துக்கெல்லாம் அக்காவை கூட்டிட்டு போனீங்களா? என்னைய எங்க அண்ணன் கார்ல கோயிலுக்குன்னு சொல்லி ஒரு ஹோம்ல இறக்கி விட்டான், பாசமான ஆளுதான், ஆனா அதுக்கப்புறம் அவன் வண்டியில ஏற எனக்கு ரொம்ப காலம் ஆச்சு. நாமினேட்டட் ரெப்ரசென்டேடிவ்னு சட்டத்துல இருக்கு, நமக்கு முடியாம போற நேரத்துல யார் நமக்காக பேசணும்னு நாமளே முன்கூட்டி எழுதி வைக்கலாம். அக்கா இப்ப தெளிவா இருக்கும்போதே எழுத சொல்லுங்க. அது நீங்களா இல்லாம போனாலும் கோச்சுக்காதீங்க.

அப்புறம் இந்த வீடுங்களும் ஒண்ணும் தேன் இல்ல. ரூம்மேட் குறட்டை விடுவா, டிவி ரிமோட்டுக்கு சண்டை, உதவியாளர் நல்லா அமையலன்னா அவங்களே குட்டி வார்டன் ஆயிடுவாங்க. எங்க வீட்ல ஒரு உதவியாளர் ஒன்பது மணிக்கு லைட் ஆஃப்னு ரூல் போட்டாங்க, நாங்க எல்லாரும் சேர்ந்து ஆபீஸுக்கு போன் பண்ணி மாத்த வச்சோம். போன் பண்ண முடிஞ்சதுல, அதுதான் வித்தியாசம்.

பெரம்பூர்_தம்பி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, வீட்ல இதையெல்லாம் வாசிச்சு காட்டினேன். பென்ஷன் விஷயம் அம்மாவுக்கே தெரியாது, இந்த வாரம் டிவிஷன் ஆபீஸ் போறோம். அக்கா முதல்ல "என்னைய கிளப்புறீங்களா"ன்னு கேட்டுட்டு சாப்பிடாம எழுந்து போயிட்டா. ராத்திரி தானா வந்து, வேற ஆளுங்க நம்ம வீட்டுக்கு வர்றதுன்னா சரி, நான் எங்கயும் வர மாட்டேன், ஆனா ஃபேனை நிறுத்துற ஆளா இருந்தா என் ரூம்ல வேணாம்னு சொன்னா. அம்மாவுக்கு சிரிப்பும் அழுகையும். ஆனா ஒரு தடவை அந்த மாதிரி வீடு எப்படி இருக்கும்னு பாக்கணுமாம். திருச்சி_வீடு, நாங்க மூணு பேரும் வந்தா பாக்க முடியுமா?

திருச்சி_வீடு:
எங்க வீட்ல இருக்குறவங்களை கேட்டுட்டு சொல்றேன், அவங்க வீடு, அவங்க சரின்னா வாங்க. சனிக்கிழமை வேணாம், எல்லாரும் மார்க்கெட் போயிடுவாங்க. அம்மா வாக்கர்ல வர்றாங்கன்னா சொல்லுங்க, வாசல்ல மூணு படி இருக்கு, பக்கத்து வீட்டு வழியா படி இல்லாம உள்ள வந்துடலாம்.