புதுத் தொட்டியில் கோல்ட்ஃபிஷ் சாகுது: நீல மருந்து விடலாமா?

கேட்டவர்: கொரட்டூர்வாசி

2×1×1 அடி தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், சின்ன ஏர் பம்ப். அபார்ட்மென்ட் சம்ப் தண்ணி (போர் + லாரி). தண்ணி நிரப்பி மறுநாளே நாலு கோல்ட்ஃபிஷ் விட்டாச்சு. ஒரு வாரம் ஆகறதுக்குள்ள ரெண்டு போயிடுச்சு. மிச்ச ரெண்டும் மேலயே மிதந்து வாயை வாயைத் திறக்குது. தண்ணி பால் கலந்த மாதிரி இருக்கு. கடையில ஒரு நீல மருந்து குடுத்து, முழுத் தண்ணியையும் மாத்தி, ஃபில்டரைக் குழாயில நல்லா கழுவிட்டு விடச் சொல்றாங்க. செய்யலாமா?

பதில்: வாலாட்டி

மூணையும் செய்யாதீங்க. இது நோய் இல்ல, அம்மோனியா.

மீன் செவுள் வழியா வெளியேத்தறதும் மிச்சத் தீனி அழுகறதும் சேர்ந்து தண்ணியில அம்மோனியா ஏறும். அதை நைட்ரைட்டா மாத்த ஒரு வகை பாக்டீரியா வேணும், நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்த இன்னொரு வகை. ரெண்டும் ஸ்பாஞ்சிலயும் கல்லுலயும் ஒட்டி வளரும். ரொம்ப மெதுவா வளர்றதால புதுத் தொட்டி தயாராக நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். 'ஒரு நாள் தண்ணியை வெச்சா போதும்'னு சொல்றது குளோரின் பறக்கறதுக்கு மட்டும்தான்.

நீல மருந்து பெரும்பாலும் மெத்திலீன் ப்ளூ. அது இந்த பாக்டீரியாவையே கொல்லும். தொட்டி மூலையில இருக்கற சிலிக்கானும் நீலமாயிடும், போகாது. ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணியில கழுவினா குளோரின் அதே வேலையைப் பண்ணும். தொட்டித் தண்ணியை ஒரு பக்கெட்ல எடுத்து, அதுல ரெண்டு தடவை பிழிஞ்சா போதும். பிழிஞ்ச ஸ்பாஞ்ச் பழுப்பாத்தான் இருக்கணும், வெள்ளையாக்க நினைக்காதீங்க.

தண்ணி பாலா இருக்கறது வேற வகை பாக்டீரியா. தானா தெளியும். அதைத் தெளிய வைக்கன்னு விக்கற சொட்டு மருந்துக்குக் காசு குடுக்க வேண்டாம்.

உடனே செய்ய வேண்டியது: தீனியை ரெண்டு மூணு நாள் நிறுத்துங்க. கோல்ட்ஃபிஷ் ஒரு வாரம்கூட பட்டினி தாங்கும். ஏர் பம்பை முழு வேகத்துல விடுங்க. பம்பைத் தண்ணி மட்டத்துக்கு மேல வைங்க, இல்லைன்னா டியூப்ல ஒருவழி வால்வு போடுங்க. கரண்ட் போனா தண்ணி பின்னால இறங்கி பம்புக்குள்ள வந்துடும்.

பதில்: கிராம்கணக்கு

முதலில் கொள்ளளவு. 2×1×1 அடி என்பது விளிம்புவரை 56 லிட்டர். கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 45–50 லிட்டர்தான் தேறும். 50 என்று வைத்துக் கணக்கிடலாம்.

லாரித் தண்ணீரிலும் சம்பிலும் பிளீச்சிங் பவுடர் கண்டபடி விழும், அதனால் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) அவசியம். 10 கிராம் ஹைப்போ கல்லை 100 மில்லி தண்ணீரில் கரைத்துப் பாட்டிலில் வைக்கவும். புதுத் தண்ணீர் 10 லிட்டருக்கு 1 மில்லி. பிளீச்சிங் வாடை தூக்கலாக இருந்தால் 2 மில்லி. தொட்டியில் ஊற்றும் முன்பே பக்கெட்டில் கலக்கவும்.

ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். அதில் கார்பனேட் இல்லை. பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) சரியும், பாக்டீரியா வளர்ச்சியும் படுத்துவிடும். போர் தண்ணீர் அளவுக்கு மீறிக் கடினமாக இருந்தால் பாதிக்குப் பாதி கலக்கலாம்.

அம்மோனியா, நைட்ரைட், பி.எச். மூன்றையும் சொட்டு விடும் டெஸ்ட் கிட்டில் பார்த்து இங்கே எழுதுங்கள். அது தெரியாமல் மேலே பேசிப் பயனில்லை.

பதில்: சேத்துக்கெண்டை

நாலு கோல்ட்ஃபிஷ்ஷே இந்தத் தொட்டிக்கு அதிகம் பாஸ். உருண்டை ரகத்துக்கே முதல் மீனுக்கு 75 லிட்டர், அடுத்த ஒவ்வொண்ணுக்கும் 40ன்னு கணக்கு வைப்பாங்க. நீள உடம்பு ரகம் ஒரு அடி வரைக்கும் போகும், அதுக்குத் தொட்டியே பத்தாது. அதோட இது குளிர் விரும்புற மீன். சென்னை மே மாசத்துல தண்ணி சூடாச்சுன்னா கரையற ஆக்ஸிஜனும் குறையும். இந்த அளவுக்கு கப்பியோ பிளாட்டியோ சுகமா இருக்கும்.

பழைய தொட்டி வெச்சிருக்கற ஃப்ரெண்ட் இருந்தா அவங்க ஸ்பாஞ்ச்ல பாதியை வெட்டி வாங்கிட்டு வாங்க. அந்தத் தொட்டித் தண்ணி கொஞ்சத்தோட, ஈரம் காயாம, அன்னைக்கே உங்க தொட்டியில போடணும். கடையில பாட்டில்ல விக்கற பாக்டீரியாவை விட இதுதான் வேலை செய்யும். அங்க வெள்ளைப்புள்ளி நோய் இருந்தா அதுவும் சேர்ந்து வரும், பார்த்து வாங்குங்க.

கொரட்டூர்வாசி

டெஸ்ட் பண்ணியாச்சு. அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்), நைட்ரைட் 0, பி.எச். 8.2. தண்ணி 28 டிகிரி.

பதில்: கிராம்கணக்கு

நைட்ரைட் 0 என்றால் முதல் கட்டமே இன்னும் தொடங்கவில்லை. கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் விஷமான பங்கு பி.எச். ஏற ஏறக் கூடும். 28 டிகிரியில் பி.எச். 7 என்றால் அது 1 சதவீதத்துக்கும் குறைவு, 8.2-இல் ஏறக்குறைய 10 சதவீதம். உங்கள் மீன்கள் இருப்பது 0.2 பிபிஎம் விஷ அம்மோனியாவில். செவுள் எரிவதால்தான் மேலே வருகின்றன.

இன்றே பாதித் தண்ணீரை, அதாவது 25 லிட்டரை, மாற்றுங்கள் (ஹைப்போ 2.5 மில்லி). நாளைக்கும் பாதி. 2 என்பது 1 ஆகி, 0.5-க்கு வரும். அதன்பின் தினமும் அளந்து, 0.5-ஐத் தாண்டும் நாளெல்லாம் பாதி மாற்றவும். பி.எச்.-ஐக் குறைக்க எலுமிச்சை, வினிகர் எதுவும் வேண்டாம். அது மறுநாள் பழையபடி ஏறும், அந்த ஏற்ற இறக்கம்தான் மீனைக் கொல்லும்.

இரண்டு மூன்று வாரத்தில் அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறும். அது ரத்தத்தில் கலந்தால் செவுள் பழுப்பாகும், ஆக்ஸிஜன் இருந்தும் மீன் மூச்சு வாங்கும். நைட்ரைட் தென்பட்டதும் லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு, அதாவது 50 கிராம், கரைத்து இரண்டு நாளில் பிரித்து ஊற்றவும். உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் விடாது. தண்ணீர் மாற்றும்போது எடுத்த அளவுக்கு மட்டும் மறுபடி உப்பு போடவும். ஆவியாகிக் குறைந்த தண்ணீரை ஈடுகட்டும்போது போட வேண்டாம். நைட்ரைட் 0-க்கு இறங்கி ஒரு வாரம் அப்படியே நின்றால் தண்ணீர் மாற்றுவதை வாரம் ஒரு முறை, 15 லிட்டர் என்று குறைக்கலாம்.