மானசரோவர் பழைய வரைபடங்கள்: ஓடை ஒன்றில் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை

மலைப்பித்தன்:
திபெத்தில் அருகருகே இருக்கும் மானசரோவர், ராட்சசதால் ஏரிப் பகுதியின் பழைய வரைபடங்களை ஸ்கேன் பிரதிகளாகச் சேர்த்து வருகிறேன். ஒன்றில் இரண்டு ஏரிகளுக்கும் நடுவே கங்கா சூ ஓடை பளிச்சென்ற நீலக் கோடு. இன்னொன்றில் வெறும் மேடு. மூன்றாவதில் விட்டுவிட்டுப் போகும் புள்ளிக்கோடு. எதை நம்புவது?

கோணமானி:
மூன்றையும்தான். 1812 ஆகஸ்டில் ஆங்கிலேயப் பயணி மூர்கிராஃப்ட் யாத்திரைச் சாமியார் வேடத்தில் போய்க் கரையோரம் தேடினார். மானசரோவரிலிருந்து தண்ணீர் வெளியேறும் வழியே இல்லை என்றார். 1846-ல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஹென்றி ஸ்ட்ரேச்சி போனபோது ஓடை நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. இதை வைத்து மூர்கிராஃப்டைப் பொய்யர் என்றவர்களும் உண்டு, பாவம். மானசரோவரின் மட்டம் ஏறினால் ஓடை வழியும், இறங்கினால் வறண்டுவிடும், அவ்வளவுதான். எனவே அச்சான ஆண்டைப் பார்க்காதீர்கள், அளந்த ஆண்டைத் தேடுங்கள். மாதமும் கிடைத்தால் இன்னும் நல்லது. பழைய அளவையையே திரும்பத் திரும்ப அச்சடித்த ஷீட்டுகள் ஏராளம்.

கல்லும்மண்ணும்:
உயரக் கணக்கும் குழப்பமாக இருக்கிறதே? எந்த ஏரி மேலே என்றே தெரியவில்லை.

கோணமானி:
மானசரோவர்தான் மேலே, சுமார் 15 மீட்டர். ஆனால் அன்று உயரம் பார்த்தது தண்ணீரைக் கொதிக்கவைத்து. மேலே போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும்; அந்த உயரத்தில் 85 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். வெப்பமானியில் 0.1 டிகிரி பிசகினால் உயரத்தில் ஏறக்குறைய 30 மீட்டர் பிசகும். அதை வைத்து இந்த 15 மீட்டரை எப்படிப் பிடிப்பது? 1866-ல் லாசாவிலிருந்து இந்தப் பக்கம் திரும்பிய, ஆங்கிலேயருக்காக ரகசியமாக நில அளவை செய்த நயின் சிங்கிடமும் உயரத்துக்கு இதே கருவிதான். தூரத்துக்கு அவர் காலடி எண்ணினார்: ஜபமாலையில் 108-க்குப் பதில் 100 மணி, நூறு காலடிக்கு ஒரு மணி நகரும். வழிப்போக்கர் கண்ணுக்கு ஜபம்!

மலைப்பித்தன்:
நன்றி. இவற்றைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தலாமா?

கோணமானி:
பொருத்தலாம், கரையைப் பிடித்துப் பொருத்தாதீர்கள். கரை நகரும். குர்லா மாந்தாதா, கைலாஷ் இரண்டு சிகரங்களையும் பிடித்துக்கொண்டு அங்கிருந்து இறங்கி வாருங்கள். 1907-ல் ஸ்வீடன் நாட்டுப் பயணி ஸ்வென் ஹெடின் மானசரோவரில் படகில் போய்க் கயிறு இறக்கி அளந்த ஆழங்கள் உங்களிடம் இருந்தால் (அதிகபட்சம் சுமார் 82 மீட்டர்), அவை அன்றைய நீர்மட்டத்திலிருந்து அளந்தவை. இன்றைய மட்டத்தோடு கலக்காமல் தனி அடுக்காக வையுங்கள்.