ஆலை 8 மணிக்கே ஓடுகிறது, கிராஃப் 10 மணிக்குத்தான் ஆரம்பிக்கிறது: ஷெல் மாட்யூலில் என்ன கோளாறு?

நீடாமங்கலத்தான்:

வணக்கம். நீடாமங்கலம் பக்கம் ஒரு நெல் அரவை ஆலையில் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். எடைமேடை ரூமில் டெபியன் லினக்ஸ் போட்ட பழைய டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. எடைச் சீட்டு, பில், கணக்கு எல்லாம் அதில்தான். தொல்லை இரண்டு. தவிட்டுத் தூசி ஃபேனில் அப்பிக்கொண்டு ப்ராசஸர் சூடாகிறது. அப்புறம், பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் இறங்கி, யுபிஎஸ் அடிக்கடி பேட்டரிக்குப் போய் வருகிறது. தை பிறந்து சம்பா நெல் வர ஆரம்பித்தால் லாரிகள் ரோடு வரை நிற்கும். அந்த நேரத்தில் சர்வர் படுத்தால் சீட்டுப் போட வழியில்லை.

அதனால் அதைக் கண்காணிக்க ஷெல் ஸ்கிரிப்டில் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பில்) ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மாட்யூலாக எழுதி வைத்திருக்கிறேன். மெயின் ஸ்கிரிப்டை க்ரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் சேவை) நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டும். அது சூடு, மெமரி, டிஸ்க், யுபிஎஸ் என்று ஒவ்வொரு மாட்யூலையும் ஓட்டி, வருகிற வரிகளை ஒரே கோப்பாகச் சேர்த்து நோட் எக்ஸ்போர்ட்டர் (கம்ப்யூட்டரின் நிலவரத்தை எண்களாகத் தரும் நிரல்) படிக்கும் டெக்ஸ்ட்ஃபைல் அடைவில் போடும். அங்கிருந்து எண்களைச் சேமிக்கும் ப்ரோமிதியஸ், அவற்றைக் கிராஃபாகக் காட்டும் கிராஃபானா.

மற்ற மூன்றும் ஒழுங்கு. யுபிஎஸ் மட்டும்தான் புரியவில்லை. ஆலை ஓடும் நேரத்து வோல்டேஜ் போதும் என்று காலை 8 முதல் மாலை 6 வரை மட்டும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் தினமும் 10 மணிக்குத்தான் கோடு ஆரம்பிக்கிறது. மத்தியானம் டெர்மினலில் ஓட்டிப் பார்த்தால் சரியாக வருகிறது. க்ரான் வரியின் கடைசியில் 2>/டெவ்/நல் இருப்பதால் பிழைச் செய்தியெல்லாம் அப்படியே தூக்கி எறியப்படுகிறது, எதுவும் கண்ணில் படவில்லை. எங்கே பார்ப்பது?

அரசலாறு:

உங்கள் பக்கம் மும்முனை மின்சாரம் எத்தனை மணிக்கு வருகிறது? சுற்றுவட்டாரத்தில் பம்ப்செட் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் வோல்டேஜ் ஒரேயடியாக இறங்கும். யுபிஎஸ் யூஎஸ்பி இணைப்பு அறுந்துபோய் 10 மணிக்கு மேல் ஒட்டிக்கொள்கிறதோ என்னவோ. யுபிஎஸ்ஸைக் கவனிக்கும் நட் சர்வீஸின் லாக்கைப் பாருங்கள்.

நீடாமங்கலத்தான்:

பார்த்துவிட்டேன் நண்பரே. லாக் சுத்தமாக இருக்கிறது. காலை எட்டரைக்கு உட்கார்ந்து யுபிஎஸ்ஸின் நிலவரத்தைக் காட்டும் யுபிஎஸ்சி கட்டளையைக் கையால் அடித்தேன், வோல்டேஜ் உடனே வந்தது. கரண்டும் இருந்தது. மாட்யூல்தான் எழுத மாட்டேன் என்கிறது.

வெண்ணாற்றங்கரை:

கரண்ட் மேல் பழி வேண்டாம், யுபிஎஸ் மேலும் வேண்டாம். கோளாறு மணியில் இருக்கிறது.

மணியை டேட் கட்டளையிடம் கேட்டு வாங்குகிறீர்கள், இல்லையா? அது எட்டு மணியை 8 என்று தராது, 08 என்று தரும். பாஷ் (உங்கள் ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல்) கணக்குப் போடும்போது 0வில் ஆரம்பிக்கிற எண்ணை எட்டடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும். எட்டடிமானத்தில் 0 முதல் 7 வரைதான் இலக்கம். 8, 9 கிடையாது. உங்கள் நிபந்தனை இப்படி வந்து நிற்கும்:

(( 08 >= 8 && 08 < 18 ))

இதைக் கண்டதும் பாஷ் "வேல்யூ டூ கிரேட் ஃபார் பேஸ்" என்று சொல்லிவிட்டு, நிபந்தனை பொய் என்று வைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும். மாட்யூலும் ஆலை ஓடவில்லை என்று நினைத்துச் சும்மா வெளியேறும். 09க்கும் இதே கதி. 00 முதல் 07 வரை எட்டடிமானத்திலும் அதே மதிப்புதான், அதனால் பிழை இல்லை. 10 வந்தால் முன்னால் 0 இல்லை, வேலை செய்கிறது. மாலையில் 20, 21 என்று வருவதால் ராத்திரி எட்டு மணிக்கு இந்தத் தொல்லை வராது. இரட்டைச் சதுர அடைப்பு [[ ]] போட்டு எழுதியிருந்தாலும் இதே கதைதான். ஒற்றைச் சதுர அடைப்பு [ ] மட்டும் பத்தடிமானமாகவே ஒப்பிடும்.

மத்தியானம் டெஸ்ட் செய்தால் இது எந்த ஜென்மத்திலும் அகப்படாது. நிமிடத்தை வைத்துக் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒவ்வொரு மணியிலும் 8ஆம், 9ஆம் நிமிடம் மட்டும் விழும்.

உடனடி வைத்தியம்: எண்ணுக்கு முன்னால் 10ம் ஹேஷ் குறியும் சேர்த்து, இது பத்தடிமானம் என்று சொல்லிவிடுங்கள்.

$(( 10#08 ))

இது 8 என்றே வரும். இது பாஷுக்கு உரியது. டெபியனில் /பின்/எஸ்எச் என்பது டேஷ் என்ற வேறு ஷெல், அதில் ஓடாது. ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் என்றே எழுதுங்கள்.

ஆனால் உங்களுக்கு இந்த மணிக் கணக்கே வேண்டாம் என்பேன். தகவல் சேகரிக்கிற மாட்யூல் எதையும் தீர்மானிக்கக் கூடாது. படிக்க வேண்டும், சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆலை ஓடுகிற நேரமா, வோல்டேஜ் குறைவா, யாரை எழுப்புவது என்பதெல்லாம் ப்ரோமிதியஸின் எச்சரிக்கை விதியில் இருக்கட்டும். நிமிடத்துக்கு ஒரு எண்ணைச் சேமிக்க ஒன்றும் செலவில்லை. ராத்திரி ஆலை நின்றிருக்கும்போது வோல்டேஜ் எவ்வளவு என்று தெரிந்தால்தான், பகலில் இறங்குவது உங்கள் மோட்டாராலா லைனாலா என்று பிரித்துப் பார்க்க முடியும். நீங்கள் தேடுகிற விடையே நீங்கள் வெட்டிப் போட்ட பாதியில் இருக்கிறது.

இரண்டாவது, இதை நான் ரொம்பவே அழுத்திச் சொல்வேன்: படிக்க முடியாத மதிப்பை 0 என்று எழுதவே எழுதாதீர்கள். யுபிஎஸ்சி பதில் தரவில்லை என்றால் வோல்டேஜ் தெரியவில்லை என்று அர்த்தம், வோல்டேஜ் 0 என்று அர்த்தம் இல்லை. 0 என்று எழுதினால் கிராஃபில் கரண்ட் போனதாகப் பதிவாகிவிடும். மாதம் கழித்து அதைப் பார்த்து யாராவது ஸ்டெபிலைசர் வாங்குவார்கள். அந்த வரியை விட்டுவிடுங்கள். பதிலாக ஒவ்வொரு மாட்யூலும் "வெற்றி" என்று தனியாக ஒரு எண் தரட்டும்: படித்தால் 1, முடியாவிட்டால் 0. வந்தது எண்தானா என்று கேஸ் கட்டளை போட்டு ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள், வெற்று வரியும் பிழைச் செய்தியும் அதில் சிக்கிவிடும்.

மூன்றாவது, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்க்க வேண்டாம். டெக்ஸ்ட்ஃபைலில் ஒரு வரி அரைகுறையாக இருந்தாலும் நோட் எக்ஸ்போர்ட்டர் அந்தக் கோப்பு முழுவதையும் தள்ளிவிடும். யுபிஎஸ் உளறினால் சூடும் போய்விடும். மாட்யூலுக்கு ஒரு கோப்பு. அதையும் நேராக எழுதாமல், அதே அடைவில் வேறு பெயரில் எழுதி முடித்துவிட்டு எம்வி (பெயர் மாற்றும் கட்டளை) போட்டு மாற்றுங்கள். ஒரே ஃபைல்சிஸ்டமுக்குள் பெயர் மாற்றுவது ஒரே அடியில் நடந்துவிடும், எக்ஸ்போர்ட்டர் பாதிக் கோப்பைப் படிக்க வாய்ப்பே இல்லை. தற்காலிகக் கோப்பை /டிஎம்பி-யில் வைத்தால் அது வேறு ஃபைல்சிஸ்டமாக இருக்கலாம், அப்போது எம்வி நகலெடுக்கத்தான் செய்யும்.

தனிக் கோப்பில் ஒரு ஆபத்து உண்டு. மாட்யூல் செத்துப்போனால் பழைய கோப்பு அங்கேயே கிடக்கும், கிராஃபில் பழைய எண் நேர்க்கோடாக ஓடும். அதனால்தான் தோல்வியிலும் கோப்பை எழுதி வெற்றி 0 என்று போடச் சொல்கிறேன். க்ரானே நின்றுவிட்டால்? கோப்பு கடைசியாக எப்போது மாறியது என்பதையும் எக்ஸ்போர்ட்டர் தானே தருகிறது. அது ஐந்து நிமிடம் பழையதானால் எச்சரிக்கை வையுங்கள்.

அந்த 2>/டெவ்/நல் முதலில் போகட்டும். ஒரு லாக் கோப்புக்குத் திருப்பிவிடுங்கள். பாஷ் முதல் நாளே உங்களிடம் காரணத்தைச் சொல்லிவிட்டது, கேட்க ஆள் இல்லை.

நீடாமங்கலத்தான்:

அக்கா, 10# போட்டதும் இன்று காலை 8 மணிக்கே கோடு வந்துவிட்டது! ரொம்ப நன்றி. மணி நிபந்தனையை இப்போது முழுவதுமாக எடுத்துவிட்டேன். ஒரு சந்தேகம். சூடு மாட்யூலில் /சிஸ்/கிளாஸ்/தெர்மல் அடைவில் இருந்து 48312 என்று வருகிறது. ஆயிரத்தால் வகுத்தால் 48 மட்டும்தான் மிஞ்சுகிறது. அப்புறம் டிஸ்க் மாட்யூல் சில நாள் அப்படியே தொங்குகிறது. ஆபீஸ் ரூமில் இருக்கிற நாஸ் பெட்டியை (நெட்வொர்க் டிஸ்க்கை) என்எஃப்எஸ் வழியாக இந்தக் கம்ப்யூட்டரில் மவுண்ட் செய்திருக்கிறோம், அதனாலா?

குடமுருட்டி:

டிஸ்க் பற்றி நான் சொல்கிறேன். ஆபீஸ் ரூமில் கரண்ட் போய் நாஸ் நின்றால், டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை அதனிடம் இடம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டே இருக்கும். க்ரான் அடுத்த நிமிடம் இன்னொன்றை ஓட்டும், அதுவும் தொங்கும். கொஞ்ச நேரத்தில் வரிசையாக நிற்கும். டிஎஃப்புக்குச் சின்ன எல் கொடுத்து உள்ளூர் டிஸ்க்கை மட்டும் கேளுங்கள். கூடவே பெரிய பி கொடுங்கள், டிஸ்க் பெயர் நீளமாக இருந்தாலும் வரி உடையாது. நாஸுக்குத் தனி மாட்யூல் எழுதி, முன்னால் டைம்அவுட் கட்டளை வைத்து, கில் சிக்னல் அனுப்பச் சொல்லுங்கள். மெயின் ஸ்கிரிப்டை எஃப்லாக் (பூட்டுப் போடும் கட்டளை) வழியாக ஓட்டினால் முந்தையது முடியாமல் அடுத்தது கிளம்பாது.

வெண்ணாற்றங்கரை:

குடமுருட்டி சொன்னது சரி. யுபிஎஸ்சி-க்கு முன்னாலும் டைம்அவுட் வையுங்கள் தம்பி, 5 விநாடி போதும்.

48312 என்பது மில்லி டிகிரி, அதாவது 48.312 டிகிரி செல்சியஸ். பாஷுக்கு முழு எண்தான் தெரியும். வகுக்கும் வேலையை ஆக் (awk) கட்டளையிடம் கொடுங்கள், தசமம் வரும். அங்கே லோகேலை (மொழி அமைப்பை) முடிவு செய்யும் எல்சி_ஆல் மாறியை சி என்று வைத்துக்கொள்ளுங்கள். டெர்மினலில் தமிழ் லோகேல் இருந்தால் டேட் மாதப் பெயரைத் தமிழில் தரும், க்ரானில் ஆங்கிலத்தில் தரும். ஒரே ஸ்கிரிப்ட் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நடந்துகொள்ள அதுவும் ஒரு காரணம்.

மெமரிக்கு எந்த எண்ணை எடுக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. /ப்ராக்/மெம்இன்ஃபோவில் "மெம்ஃப்ரீ" எடுத்தால் எப்போதும் பயமுறுத்தும், ஏனென்றால் லினக்ஸ் சும்மா கிடக்கும் மெமரியை டிஸ்க் கேஷுக்கு வைத்துக்கொள்ளும். "மெம்அவைலபிள்" வரியை எடுங்கள். 3.14 கெர்னலில் இருந்து அது இருக்கிறது.

அடுத்து டிஸ்க் ஆரோக்கியத்துக்கு ஸ்மார்ட்சிடிஎல் மாட்யூல் எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன், தூசி ரூமில் அது அவசியம். அதற்கு ரூட் அனுமதி வேண்டும். டெபியனில் அது /யூஎஸ்ஆர்/எஸ்பின்-இல் இருக்கும், க்ரானின் வழக்கமான பாத்தில் (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியலில்) அந்த அடைவு வராது. முழுப் பாதையையும் எழுதுங்கள். அதை நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்ட வேண்டியதில்லை, மணிக்கு ஒருமுறை போதும். அந்தக் கோப்புக்கு மட்டும் ஐந்து நிமிட எச்சரிக்கையைத் தளர்த்தி இரண்டு மணி நேரம் என்று வையுங்கள்.