கீற்றுக் கொட்டகையில் சமையல், அம்மா தனியாக இருக்கிறார்: எதை முதலில் சரிசெய்வது?

கேள்வி (தேவனாம்பட்டினம்):
அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. தேவனாம்பட்டினத்தில் தனியாக இருக்கிறார், நான் சென்னையில். ஓட்டு வீடு, பின்னால் கீற்றுக் கொட்டகை, சமையல் அதற்குள்தான். போன வாரம் அடுத்த தெருவில் ஒரு கூரை வீடு எரிந்து, கடல் காற்றில் பொறி பறந்து, நாலு வீடு தள்ளி இன்னொரு கூரையும் பிடித்துக்கொண்டது. அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. கொட்டகையைப் பிரிக்க அம்மா சம்மதிக்க மாட்டார். ராத்திரி கேஸ் வாடை வந்தால் அவர் என்ன செய்யணும்?

பதில் (கடலூர் ஓ.டி.):
கொட்டகை இருக்கட்டும், அடுப்பையும் சிலிண்டரையும் ஓட்டு வீட்டுக்குள் மாற்றிவிடுங்கள், இதற்கு ஒத்துக்கொள்வார். கீற்றுக்கு அடியில் எண்ணெய்ச் சட்டி பற்றினால் அவ்வளவுதான். எங்கே பற்றினாலும் தண்ணீர் மட்டும் ஊற்றக் கூடாது, அது எண்ணெய்க்கு அடியில் போய் சட்டென்று ஆவியாகி எரிகிற எண்ணெயை மேலே வாரி அடிக்கும். அடுப்பை அணைத்து, தட்டைப் போட்டு மூடி, ஆறும்வரை திறக்காமல் விடணும்.

கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். வாடை வந்தால் லைட்டைப் போடக் கூடாது, எரிகிற லைட்டை அணைக்கவும் கூடாது, சுவிட்சுக்குள் வருகிற சின்னப் பொறி போதும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, தெருவுக்கு வந்த பிறகுதான் கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906க்குப் போன் செய்யணும். தீயே பிடித்துவிட்டால் 101 அல்லது 112. அப்புறம், ரப்பர் டியூபை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பதில் (எலக்ட்ரீஷியன், பாகூர்):
கடலோர வீட்டில் பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தால் உப்புக் காற்றில் உள்ளே பச்சை பூத்து, ஸ்க்ரூ தளர்ந்து கிடக்கும். அந்த இடம் கொதிக்கும், ஆனால் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழுகிற சுவிட்ச்) விழாது, ஏனென்றால் ஓடுகிற கரண்ட் கூடவில்லை, இணைப்புதான் கெட்டிருக்கிறது. ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கை வெளியிலிருந்து தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சூடாக இருந்தாலோ, ஓரம் பழுப்பேறியிருந்தாலோ அன்றைக்கே மாற்றணும். பழைய ஃப்யூஸ் கட்டையில் யாராவது தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தால் அது ஃப்யூஸே இல்லை, தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா. அடுப்பை இந்த ஞாயிறே மாற்றிவிடுகிறேன். இன்னொன்று, அம்மா ராத்திரி கிரில் கேட்டைப் பூட்டி சாவியைப் பீரோவுக்குள் வைக்கிறார்.

பதில் (நர்ஸ், புதுச்சேரி):
அதை இன்றைக்கே மாற்றுங்கள்மா. புகையில் பீரோவைத் தேட முடியாது. உள்ளிருப்பவர் கைக்கு எட்டுகிற, வெளியாள் கைக்கு எட்டாத இடத்தில் ஆணி அடித்துச் சாவியை மாட்டுங்கள். புகை மேலே ஏறும், அதனால் தவழ்ந்து வரணும், நகை, பத்திரம் எதற்காகவும் திரும்ப உள்ளே போகக் கூடாது. தீக்காயம் பட்டால் இங்க், பேஸ்ட், இட்லி மாவு எதுவும் வேண்டாம், குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரணும். கையில் பட்டிருந்தால், வீங்குவதற்குள் வளையலைக் கழற்றிவிடுங்கள்.