போன் பிரமாதமாக ஓடுகிறது, அதே இடத்தில் மீடியா பிசிக்கு மட்டும் வைஃபை ஒட்ட மாட்டேன் என்கிறது

கெடிலக்கரை:
கடலூர் மஞ்சக்குப்பத்தில் தாத்தா காலத்து வீடு. ரவுட்டர் மாடியில் என் அறையில், கீழே ஹாலில் டிவிக்குப் பின்னால் ஒரு பழைய டெஸ்க்டாப், ஐ3, 8 ஜிபி ராம், லினக்ஸ் மின்ட் ஓஎஸ் போட்டு அதன் மேல் படம், பாட்டு ஓட்டுகிற கோடி (Kodi) ஆப் வைத்திருக்கிறேன். மதர்போர்டில் வைஃபை கிடையாது, அதனால் நகத்தளவுக்கு ஒரு யூஎஸ்பி டாங்கிள் வாங்கிப் பின்பக்கம் சொருகினேன், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும் எடுக்கிற ரகம். முதல் வாரம் ஒழுங்காக ஓடியது. அப்புறம்தான் சனி பிடித்தது. அப்பா யூடியூபில் பழைய பாட்டு போட்டு உட்கார்ந்தால் இரண்டு பாட்டுக்கு ஒரு தரம் வட்டம் சுற்றுகிறது, சில நாள் நெட்வொர்க் பெயரே லிஸ்டில் காணோம். என் போனை அதே டிவி ஸ்டாண்டில் வைத்துப் பார்த்தால் 40 எம்பிபிஎஸ்ஸுக்குக் குறையவில்லை, கம்ப்யூட்டரில் 3, மிஞ்சினால் 4. டிரைவர்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு தடவை ஓஎஸ்ஸையே அழித்துப் போட்டுவிட்டேன். "இதுக்கு அந்த டிவிடி பிளேயரே தேவலாம்" என்கிறார் அப்பா. புது ரவுட்டர் வாங்க வேண்டுமா, இல்லை வீட்டில் அங்கங்கே வைஃபை பெட்டி வைக்கிற மெஷ் போட வேண்டுமா?

முத்தியால்பேட்டைவாசி:
எதையும் வாங்காதீங்க, கொஞ்சம் பொறுங்க. புதுச்சேரியில் எங்கள் வீடும் இதே கதைதான், ஒன்றரை அடிச் செங்கல் சுவர், மேலே மர உத்தரத்தில் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ். இந்த மாதிரி வீட்டில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு அடுத்த அறை போவதற்குள் மூச்சு வாங்கிவிடும், சுவரைத் தாண்ட 2.4 பரவாயில்லை. ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான், தெருவில் இருக்கிற அத்தனை ரவுட்டரும் அந்த மூன்றுக்குள்தான் முட்டிக்கொள்கின்றன. போனில் ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டு எது காலியாக இருக்கிறது என்று பார்த்து அதில் நிறுத்துங்க. சேனல் அகலம் 40 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தால் 20 ஆக்குங்க. லினக்ஸில் வைஃபை பவர் சேவ் ஆன் ஆகியிருந்தாலும் இப்படி இழுக்கும், அதையும் அணைத்துவிடுங்க.

பாதிரிக்குப்பத்தான்:
போன் எந்த பேண்டில், அதாவது எந்த அலைவரிசையில் இருக்கிறது? அதுவும் 2.4 என்றால் சுவர் மேல் பழி போட முடியாது. இன்னொன்று, முதல் வாரம் நன்றாக ஓடியது என்கிறீர்களே, அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் புதிதாக என்ன சொருகினீர்கள்?

கெடிலக்கரை:
போனும் 2.4 தான் சார். முத்தியால்பேட்டை அண்ணன் சொன்னபடி சேனல் 11 வைத்தேன், பவர் சேவை அணைத்தேன், 4 என்பது 6 ஆனது, அவ்வளவுதான். புதிதாகச் சொருகியது என்றால் 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று, அக்கா கல்யாண வீடியோ, படங்கள் எல்லாம் அதில். எப்போதும் மாட்டியே இருக்கும். அதற்கும் நெட்டுக்கும் என்ன சார் சம்பந்தம்?

பாதிரிக்குப்பத்தான்:
சம்பந்தம் இருக்கிறது. டிஸ்க் நீல நிற போர்ட்டில் இருக்கிறதா, டாங்கிள் அதற்குப் பக்கத்து போர்ட்டிலா? நீலம் என்றால் பெரும்பாலும் யூஎஸ்பி 3.0. அதில் டேட்டா 5 கிகாபிட் வேகத்தில் போகும்போது கேபிளிலிருந்தும் கனெக்டரிலிருந்தும் ரேடியோ இரைச்சல் கசியும், அந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் மேலேயே வந்து உட்காரும். இன்டெல்லே 2012-ல் இதை அளந்து ஓர் அறிக்கை போட்டிருக்கிறது, புரளி இல்லை. கல்யாண வீட்டில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்று போன் பேசுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், எதிர்முனை எவ்வளவு கத்தினாலும் உங்கள் காதில் விழாது. சிக்னல் குறைவதில்லை, டாங்கிளுக்குக் கேட்பதில்லை. போர்ட்டை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருக்கிற போனுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக எட்டாது, அதனால்தான் அது பிழைத்துக்கொள்கிறது.

டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு தரம் ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். வேகம் வந்துவிட்டால் அதை முன்பக்கத்துக் கறுப்பு போர்ட்டில் மாட்டுங்கள், அது பெரும்பாலும் 2.0 ஆகத்தான் இருக்கும். வேகம் குறையுமே என்று பயப்பட வேண்டாம், 2.0-லேயே நிஜத்தில் வினாடிக்கு 30 எம்பி (மெகாபைட்) அளவுக்கு வரும், ப்ளூரே வீடியோவுக்கே அதிகபட்சம் 40 மெகாபிட், அதாவது 5 எம்பிதான். ஃபைல் காப்பி போடும்போதுதான் நேரம் பிடிக்கும், அதை ராத்திரியில் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

கெடிலக்கரை:
சார், நம்பவே முடியவில்லை. கழற்றியதும் 38. மறுபடி நீலத்தில் மாட்டி ஒரு படத்தை காப்பி போட்டுக்கொண்டே பார்த்தேன், 2-க்கு இறங்கிவிட்டது. கறுப்பில் மாட்டினேன், 36. ஐந்து மாசமாக ரவுட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன், ரவுட்டர் பாவம். இரண்டு தடவை ஓஎஸ் போட்டதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

முத்தியால்பேட்டைவாசி:
நானும் சுவரையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு டிஸ்க்கும் நீலத்தில்தான் இருக்கிறது, இருங்க போய்ப் பார்க்கிறேன்.

உப்பங்காற்று:
தேவனாம்பட்டினத்திலிருந்து. டிஸ்க் நீலத்திலேயே இருக்க வேண்டும் என்றால் இன்னொரு வழி, டாங்கிளை ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி டிவிக்கு மேலே தூக்கி வைத்துவிடலாம். டிவி பின்னால் தகரப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே அது புழுங்கிக் கிடப்பதும் ஒரு தலைவலிதான். நான் கடைசியில் மாடியிலிருந்து கேட் 6 நெட்வொர்க் கேபிளே இழுத்துவிட்டேன், ஜன்னல் ஓரமாக வெளியே இறக்கினேன், வெயில் தாங்கும் அவுட்டோர் ரகமாகப் பார்த்து வாங்குங்கள். கனெக்டர் மட்டும் வீட்டுக்குள் இருக்கட்டும், கடல் காற்றுக்கு என் முதல் கனெக்டர் ஒரே வருஷத்தில் பச்சை பூத்துவிட்டது. ஐப்பசி கார்த்திகையில் இடி இடித்தால் இரண்டு பக்கமும் பிடுங்கி வைத்துவிடுவேன்.

கெடிலக்கரை:
எக்ஸ்டென்ஷன் இன்றைக்கே வாங்கிவிடுகிறேன் அண்ணே. கேபிள் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு ஹாலில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, அப்பா டிவிடி பிளேயரைப் பரண் மேல் ஏற்றச் சொல்லிவிட்டார்.