மெட்ரோ சுரங்கத்துக்குள் வரும் பயம்: எனக்கு விசுவாசம் இல்லையா?

ஸ்ரீராம்புரம் சிஸ்டர்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வீட்டில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன். எனக்குப் பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் வேலை. காலையில் ஸ்ரீராம்புரத்தில் கிரீன் லைன் ஏறி மெஜஸ்டிக்கில் பர்ப்பிள் லைனுக்கு மாறுவேன். மெஜஸ்டிக்கிலிருந்து கப்பன் பார்க் வரைக்கும் வண்டி பூமிக்கடியில் போகும் இல்லையா, அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்குப் பிரச்சினை. கதவு மூடினதும் நெஞ்சு படபடவென்று அடிக்கும், விரல் நுனியெல்லாம் மரத்துப்போகும், மூச்சு பாதியில் நின்ற மாதிரி இருக்கும், இதோ செத்துவிடப் போகிறேன் என்று தோன்றும். ஒருநாள் தாங்க முடியாமல் விதான சௌதாவில் இறங்கி பிளாட்ஃபாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன், அங்கே இருந்த செக்யூரிட்டி அம்மாதான் தண்ணீர் கொடுத்தார். எம்.ஜி. ரோடு வந்து வெளிச்சம் தெரிந்துவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி சரியாகிவிடும்.

இசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தாயிற்று. இதயத்தில் கோளாறு இல்லை, இது பேனிக் அட்டாக் என்று டாக்டர் சொல்லி மாத்திரையும் கவுன்சிலிங்கும் எழுதிக்கொடுத்தார். மாத்திரை பிரிக்காமல் பையில் கிடக்கிறது. ஏனென்றால் எங்கள் ஜெபக் குழுவில் ஒருவர், பயம் இருக்கிற இடத்தில் விசுவாசம் இருக்காது, நீ உன்னை ஆராய்ந்து பார் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். ஆண்டவர் காப்பார், பயப்படாதே என்கிற 91ஆம் சங்கீதம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம், ஆனால் கதவு மூடும்போது ஒரு வரிகூட வாயில் வரமாட்டேன் என்கிறது. நான் ஆண்டவரை நிஜமாக நம்பவில்லையா? மாத்திரை போட்டால் அவரை விட்டுவிட்டேன் என்று ஆகிவிடுமா?

லிங்கராஜபுரம் அக்கா

தங்கச்சி, பத்துப் பேர் முன்னால் வைத்து உன்னிடம் அப்படிச் சொன்னது தப்பு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேதத்தில் இருப்பதும் அது இல்லை.

1 சாமுவேல் 21ஆம் அதிகாரத்தை எடுத்துப் படி. சவுலுக்குத் தப்பி ஓடுகிற தாவீது போயும் போயும் கோலியாத்தின் ஊரான காத்தூருக்கே போய்ச் சேருகிறான். ஆகீஸ் ராஜாவின் ஆட்கள் இவன்தானே தாவீது என்று கண்டுகொண்டதும் அவனுக்கு மிகவும் பயம் வந்தது என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறது. பயத்தில் பைத்தியக்காரன் மாதிரி நடித்து, வாசல் கதவைக் கீறிக்கொண்டு, தாடியில் நுரை ஒழுக விட்டுத்தான் அங்கிருந்து தப்பிக்கிறான். கவணும் கல்லுமாகக் கோலியாத்துக்கு எதிரே போய் நின்ற அதே ஆள்! இப்போது 56ஆம் சங்கீதத்தின் தலைப்பைப் பார், பெலிஸ்தர் அவனைக் காத்தூரில் பிடித்தபோது பாடினது. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்பது அதில்தான் வருகிறது. பயம் போனதற்கு அப்புறம் நம்புகிறேன் என்று அவன் சொல்லவே இல்லை. 34ஆம் சங்கீதமும் அதே சம்பவத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் அது வெளியே வந்த பிறகு பாடினது, அங்கேதான் "என்னுடைய எல்லாப் பயத்துக்கும் என்னை நீங்கலாக்கிவிட்டார்" என்று சொல்கிறான். நீ இப்போது 56இல் இருக்கிறாய், அவ்வளவுதான். 56இல் நிற்கிறவளைப் பிடித்து நீ ஏன் இன்னும் 34ஐப் பாடவில்லை என்று கேட்பது என்ன நியாயம்?

சுரங்கத்துக்குள் முழு 91ஐயும் சொல்லப் பார்க்காதே, அந்த நேரத்தில் மூளை ஒத்துழைக்காது. மூச்சை இழுக்கும்போது "இயேசுவே", மெதுவாக விடும்போது "என்னோடு இரும்", அது போதும். கெத்செமனேயில் அவரே திகிலடைந்தார், வியாகுலப்பட்டார் என்று மாற்கு 14இல் இருக்கிறது, அதனால் உன் நடுக்கத்தைப் பார்த்து அவர் முகம் திருப்ப மாட்டார்.

கே.ஆர்.புரம் பிரதர்

அக்கா சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் ஒன்று சேர்க்க வேண்டும். பயத்தைக் கூடவே வைத்துக்கொண்டு காலம் தள்ளு என்று யாரும் உங்களிடம் சொல்லிவிடக் கூடாது சிஸ்டர். "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல், பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்" என்று பவுல் எழுதினது யாருக்கு? சபையை நடத்திக்கொண்டிருந்த தீமோத்தேயுவுக்கு. ஊழியக்காரனுக்கே அதைச் சொல்ல வேண்டியிருந்தது என்றால் நமக்கு எவ்வளவு தேவை! அப்பா தவறின பிறகு எனக்கு ராத்திரியில் தனியாகப் படுக்கவே முடியாது, விளக்கை அணைத்தால் உடம்பெல்லாம் வியர்க்கும். எங்கள் சபையில் மூத்த பிரதர் ஒருவர் தினமும் படுக்கப் போகும் நேரத்துக்கு போன் போட்டு என்னோடு ஜெபிப்பார், சத்தமாக, பெயர் சொல்லி. அறிவுரை ஒன்றும் சொன்னதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பயம் என்னை விட்டுப் போனது, விடுதலை உண்டு என்று நான் சாட்சியாகவே சொல்கிறேன். உங்களைக் குற்றம் சொல்லாத ஒருவரோடு சேர்ந்து ஜெபியுங்கள். மாத்திரை விஷயம் எனக்குத் தெரியாது, அது தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

மனநல வார்டு நர்ஸ்

நான் சொல்கிறேன், எனக்கு அதுதான் வேலை. சிஎஸ்ஐ சபைதான், ஞாயிறு டியூட்டி இல்லாவிட்டால் ஆராதனைக்குப் போகாமல் இருக்க மாட்டேன்.

சிஸ்டர், உங்கள் விரல் மரத்துப்போவதற்குக் காரணம் இருக்கிறது. பயத்தில் அட்ரினலின் ஏறும்போது நமக்கே தெரியாமல் வேகவேகமாக மூச்சு விடுவோம், ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடும், அதனால்தான் விரலும் உதடும் மரத்து, தலை கிறுகிறுக்கும். காற்று போதவில்லை என்று தோன்றும், ஆனால் உண்மையில் மூச்சு அதிகமாகிவிட்டது. அதனால் அக்கா சொன்னதில் அந்த மெதுவாக விடுகிற பகுதி முக்கியம், இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் அதுவாகவே இறங்கிவிடும். நீங்கள் பயப்படுகிற மாதிரி இது உயிரை எடுக்காது, உங்கள் இதயத்தையும்தான் பார்த்தாயிற்றே.

மாத்திரை: இதற்கு வழக்கமாக எழுதுகிற மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், முதல் நாட்களில் கொஞ்சம் படபடப்பு கூடினாலும் கூடலாம், அதைப் பார்த்துப் பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் பேசுங்கள். கவுன்சிலிங்கையும் விடாதீர்கள். சிபிடி என்கிற சிகிச்சையில், பயப்படுகிற இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகப் பழக்குவார்கள். மெட்ரோவை ஒரேயடியாக விட்டு பஸ்ஸுக்கு மாறிவிட்டால் இப்போது நிம்மதியாக இருக்கும், ஆனால் பயம் அடுத்தது பஸ்ஸுக்கு வரும், அப்புறம் லிஃப்டுக்கு வரும், இதை வார்டில் நிறையப் பார்க்கிறேன். பிரதர் சொன்ன அதே தீமோத்தேயுவுக்குத்தான் பவுல் வயிற்றுக்கும் அடிக்கடி வருகிற பலவீனத்துக்கும் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள் என்றும் எழுதினார், 1 தீமோத்தேயு 5:23. லூக்காவைப் "பிரியமான வைத்தியன்" என்கிறார். வைத்தியத்தை அவர் விசுவாசக் குறைவாகப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

டாக்டரைப் பார்க்க நாள் ஆகும் என்றால் டெலி மானஸ் என்கிற மனநல உதவி நம்பர் 14416க்கு போன் போடுங்கள். 2022 அக்டோபரில் அரசாங்கம் தொடங்கின இலவச சேவை, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

ஸ்ரீராம்புரம் சிஸ்டர்

எல்லாருக்கும் நன்றி. 1 சாமுவேல் 21ஐ இப்போதுதான் படித்தேன், இத்தனை வருஷம் சண்டே ஸ்கூலில் கோலியாத் கதையைச் சொன்னார்கள், இதை ஒருவரும் சொல்லவில்லை. மாத்திரை இன்று ராத்திரியிலிருந்து. கவுன்சிலிங்குக்கு வெள்ளிக்கிழமை நேரம் வாங்கிவிட்டேன், ஜெபக் குழுவில் வேறு ஒரு ஆன்ட்டியிடம் மட்டும் சொல்லிக் கூட ஜெபிக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு கேள்வி, கவுன்சிலிங் தொடங்குவதற்கு முன்னாலேயே ஒரு ஸ்டேஷன் தூரம் போய்ப் பார்க்கலாமா?

மனநல வார்டு நர்ஸ்

தாராளமாக. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, கூட ஒருவரை வைத்துக்கொண்டு போங்கள். படபடப்பு வந்தால் உடனே இறங்க ஓடாமல், அது இறங்குகிற வரைக்கும் வண்டியிலேயே இருக்கப் பாருங்கள்.

லிங்கராஜபுரம் அக்கா

சனிக்கிழமை மதியம் எனக்கு லீவுதான். மெஜஸ்டிக்குக்கு நான் வருகிறேன், சென்ட்ரல் காலேஜ் வரைக்கும் ஒரே ஒரு ஸ்டேஷன் போய்விட்டுத் திரும்புவோம். நம்பரை இங்கே போடாதே, தனி மெசேஜில் அனுப்பு.