கொள்ளுத் தாத்தா வழி இத்தாலியக் குடியுரிமை: 142/2025 தீர்ப்புக்குப் பிறகு வழக்குப் போடலாமா?

வேர்தேடி (ஆகஸ்ட் 2025)

2025 ஜூலை 31 அன்று வெளியான இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்பை (142/2025) படித்தவர்கள் ஒரு சந்தேகத்தைத் தீர்த்து வையுங்கள். வம்சாவளி இது: கொள்ளுத் தாத்தா 1889-இல் கலாப்ரியாவின் கொசென்சா மாகாணத்தில் பிறந்தவர். புவெனஸ் அயர்ஸ் போய் அங்கேயே இறந்தார்; அர்ஜென்டினக் குடியுரிமை வாங்கவே இல்லை. அங்கே தாத்தா பிறந்தது 1921, அம்மா 1950, மனுதாரர் 1982. அம்மா இருக்கிறார். துணைத் தூதரகத்தில் விண்ணப்பிக்க நாள் கிடைக்காமலே, புதிய சட்டம் வைத்த கெடுவான 2025 மார்ச் 27 தாண்டிவிட்டது. ஒரு முகவர், "கோர்ட்டே உங்கள் பக்கம் சொல்லிவிட்டது, உடனே கேஸ் போடுங்கள்" என்கிறார். நம்பலாமா?

சட்டப்புள்ளி

முகவர் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிட்டார்.

142/2025 பழைய சட்டத்தைப் பற்றியது. 1992-ஆம் ஆண்டின் 91-ஆம் எண் சட்டம் தலைமுறை வரம்பே வைக்காமல் குடியுரிமை தருகிறதே, அது அரசியலமைப்புக்குப் பொருந்துமா என்று பொலோன்யா, ரோம், மிலான், ஃப்ளோரன்ஸ் தீர்ப்பாயங்கள் கேட்டிருந்தன. கேள்விகளில் சில ஏற்கத்தக்கவை அல்ல, சில ஆதாரமற்றவை என்று நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. வரம்பு எங்கே போடுவது என்பது நாடாளுமன்றத்தின் வேலை என்பதுதான் சாரம். அந்த வழக்குகள் எல்லாமே கெடுவுக்கு முன் தாக்கலானவை. அதனால் புதிய சட்டம் சரியா தவறா என்று நீதிமன்றம் சொல்லவே இல்லை.

உங்களைத் தடுப்பது அந்தப் புதிய சட்டம்தான். 2025 மார்ச் 28-இன் 36-ஆம் எண் அவசரச் சட்டம் மே 23-இல் 74-ஆம் எண் சட்டமாக நிறைவேறியது. அது 91/1992-இல் 3-பிஸ் என்ற பிரிவைச் செருகியது. வெளிநாட்டில் பிறந்து வேறு குடியுரிமையும் உள்ளவர் இத்தாலியக் குடியுரிமையை ஒருபோதும் பெறவில்லை என்றே அது கருதுகிறது. விலக்குகள் குறைவு. மார்ச் 27 இரவு 11:59-க்குள் (ரோம் நேரம்) ஆவணங்களோடு விண்ணப்பமோ வழக்கோ தாக்கல் ஆகியிருக்க வேண்டும். அல்லது அதற்குள் அலுவலகம் நாள் குறித்துத் தகவல் தந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பெற்றோரில் ஒருவரோ தாத்தா பாட்டியில் ஒருவரோ இத்தாலியக் குடியுரிமையை மட்டுமே வைத்திருக்க வேண்டும், இறந்தவரானால் இறக்கும்போது. அதுவும் இல்லையென்றால், பெற்றோரில் ஒருவர் குடியுரிமை பெற்ற பிறகு, பிள்ளை பிறப்பதற்கு முன், தொடர்ந்து இரண்டு ஆண்டு இத்தாலியில் வசித்திருக்க வேண்டும்.

மனுதாரரின் தாத்தா அர்ஜென்டினாவில் பிறந்தவர் என்பதால் இரட்டைக் குடியுரிமைக்காரர். பிறப்பால் வந்த அர்ஜென்டினக் குடியுரிமையைத் துறக்க அந்நாட்டுச் சட்டம் விடாது. ஆக "மட்டுமே" என்ற சொல்லிலேயே அவர் விழுந்துவிடுகிறார். பெற்றோர் முதல் படி, தாத்தா பாட்டி இரண்டாம் படி; கொள்ளுத் தாத்தா மூன்றாம் படி, கணக்கில் வரமாட்டார்.

ஆனால் அம்மாவுக்கு அவர் இரண்டாம் படி! சொந்தத் தாத்தா, சாகும்வரை இத்தாலியர் மட்டுமே. அம்மாவுக்குக் கதவு இன்றும் திறந்துதான் இருக்கிறது. இதை முகவர் ஏன் சொல்லவில்லை என்று கேளுங்கள்.

பதிவேடு

அம்மாவின் விண்ணப்பத்துக்கான காகிதங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். துணைத் தூதரகக் கட்டணம் 2025 ஜனவரியிலிருந்து 600 யூரோ. நிராகரித்தாலும் திரும்ப வராது. குறையோடு கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.

கொள்ளுத் தாத்தா பிறந்த கொமூனேவிலிருந்து (இத்தாலிய ஊர் நகராட்சி), பெற்றோர் பெயர்களோடு கூடிய பிறப்புப் பதிவுச் சுருக்கம் கேளுங்கள். பெற்றோர் பெயர் இல்லாத வெறும் சான்றிதழ் போதாது. அர்ஜென்டினப் பக்கம் அவருடைய திருமணம், இறப்பு, பிறகு தாத்தா, அம்மா இருவரின் பிறப்பு, திருமணப் பதிவுகள். முழு நகலாக எடுத்து, அப்போஸ்டில் (ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்க அரசு தரும் சான்று) வாங்கி, இத்தாலியத்தில் மொழிபெயர்க்க வேண்டும்.

பெரும்பாலும் சிக்குவது அர்ஜென்டினாவின் தேசியத் தேர்தல் நீதிமன்றத்தின் 'குடியுரிமை பெறவில்லை' சான்றிதழில்தான். ஊரில் "ஜுசெப்பே", அங்கே திருமணப் பதிவில் "ஹோசே", இறப்புப் பதிவில் குடும்பப் பெயரில் ஓர் எழுத்து குறைவு என்று இருக்கும். எந்தெந்த வடிவத்தில் பெயர் வந்திருக்கிறதோ, அத்தனையும் அந்த ஒரே சான்றிதழில் இருக்க வேண்டும். "ஹோசே" பெயரில் மட்டும் தேடிக் கொடுத்தால், "ஜுசெப்பே" என்ற பெயரில் குடியுரிமை வாங்கினாரா என்ற கேள்வி அப்படியே நிற்கும். பிறந்த தேதியோ பெற்றோர் பெயரோ முரண்பட்டால் பதிவைத் திருத்திவிட்டுத்தான் நகல் எடுக்க வேண்டும்.

வழக்கானாலும் இதே காகிதம்தான். குடியுரிமை இழப்புக்குக் காரணம் எதுவும் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை 74/2025 மனுதாரர் தலையில் வைத்துவிட்டது. சாட்சி வாக்குமூலத்துக்கும் இடமில்லை.

வேர்தேடி

அம்மாவுக்குக் கிடைத்தால் மகனுக்கும் தானாக வந்துவிடாதா? புதிய சட்டத்தைக் கேள்விக்குள்ளாக்கும் தூரின் நகரத் தீர்ப்பாயத்தின் வழக்கை நம்பி இப்போதே மகன் பெயரில் தாக்கல் செய்து வைத்தால் என்ன?

சட்டப்புள்ளி

தானாக வராது. அம்மாவே இரட்டைக் குடியுரிமைக்காரர், மகன் வயது வந்தவர். ஆனால் பெற்றோரிலோ தாத்தா பாட்டியிலோ ஒருவர் பிறப்பால் குடிமகனாக இருந்தால், சட்டப்படி இரண்டு ஆண்டு இத்தாலியில் வசித்தபின் விண்ணப்பிக்க 91/1992-இன் ஒன்பதாம் பிரிவு வழி தருகிறது. முன்பு மூன்று ஆண்டு. அதற்கு பி1 (இடைநிலை) இத்தாலிய மொழிச் சான்றிதழ் வேண்டும். அது உரிமை இல்லை, அரசு பார்த்துத் தருவது. அங்கே போய்த் தங்க அனுமதியும் தனியாக வேண்டும்.

தூரின் விஷயம். 2025 ஜூன் 25-இல் அந்தத் தீர்ப்பாயம் 3-பிஸ் பிரிவை அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு அனுப்பியது. ஏற்கெனவே பிறந்துவிட்டவர்களிடமிருந்து பின்தேதியிட்டு உரிமையைப் பறிப்பதும், மார்ச் 27-க்கு ஒரு நாள் முன்னும் பின்னுமாக ஆட்களைப் பிரிப்பதும் சரியா என்பதுதான் கேள்வி. தனிநபர் நேரே அங்கே போக முடியாது. வழக்கை விசாரிக்கும் நீதிபதி அனுப்பினால்தான் உண்டு.

மகன் பெயரில் போடுவதானால் கொள்ளுத் தாத்தாவின் ஊரை வைத்து கத்தன்சாரோ தீர்ப்பாயம். ஆளுக்கு 600 யூரோ நீதிமன்றக் கட்டணம், வழக்கறிஞர் செலவு தனி. நீதிபதி ரோமிலுள்ள அரசியலமைப்பு நீதிமன்றத்தின் முடிவு வரும்வரை நிறுத்தி வைக்கலாம், அல்லது 3-பிஸ் பிரிவைக் காட்டித் தள்ளுபடி செய்யலாம். ஆபத்து தள்ளுபடியில்தான். மேல்முறையீட்டுக்கு, தீர்ப்பு முறையாகக் கையளிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாள். கையளிக்கப்படாவிட்டால் வெளியானதிலிருந்து ஆறு மாதம். அதைத் தவறவிட்டால் தீர்ப்பு இறுதியாகிவிடும். பிறகு 3-பிஸ் செல்லாது என்று அறிவித்தாலும், இறுதியாகிப்போன வழக்குக்கு அந்தப் பலன் போய்ச் சேராது. வழக்கே போடாதவருக்குச் சேரும்.

பதிவேடு

இங்கே நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். நாடாளுமன்றம் இன்னொரு கெடு வைக்காது என்று யார் உத்தரவாதம் தருவார்கள்? கெடுவுக்கு முன் தாக்கல் செய்தவர்தான் மார்ச்சில் தப்பினார். மேல்முறையீடு வரை செலவு தாங்குமென்றால் போட்டுவைப்பதில் தவறில்லை.

சட்டப்புள்ளி

செலவு தாங்குமென்றால் சரி. ஆனால் வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன், தள்ளுபடியானால் மேல்முறையீட்டை யார், எந்தத் தேதிக்குள், எவ்வளவுக்குச் செய்வார் என்று எழுத்தில் வாங்குங்கள். அதைத் தர மறுக்கும் முகவரிடம் காசு கொடுக்காதீர்கள். அம்மாவின் விண்ணப்பத்துக்கு எப்படியும் காகிதம் சேர்க்கத்தான் வேண்டும். கொமூனேவுக்கு இந்த வாரமே எழுதிவிடுங்கள்.